மேஜர் எந்தப் பிரிவு?

"அந்தப் பேரை என் சமையலறையில சொல்லாதே!" என்று ரோண்டா தொலைபேசியை அறைந்து வைத்தாள். மறுமுனையில் கண்காட்சி அலுவலக ஓப்பல் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

எதிரே சோளரொட்டி தின்றுகொண்டிருந்த கணவன் மெர்ல், எந்தப் பேர் என்று கேட்கவில்லை. அவனுடைய அக்கா நதீனின் பேர்தான்.

ஈஸ்டர் விருந்தில் தேவாலயத்து ஜனம் மொத்தமும் இருக்கும்போது, ரோண்டாவின் ஒரு வயதுக் குட்டைக் குதிரை மேஜரைப் பார்த்து நதீன் சொன்னாள்: "இதைப் போய்க் கயித்துல கட்டிக் கூட்டிட்டு வரணுமா? கைப்பையில போட்டுக்கலாமே!" பாதிரியார்கூட வாயில் பன்றிக்கறியோடு சிரித்தார். அன்றே ரோண்டா சபதம் போட்டாள். மே மாதக் கண்காட்சியில் மேஜர் முதல் பரிசான நீல ரிப்பனை வாங்குவான், அதை நாத்தனாரின் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டுவேன் என்று.

இந்தப் போட்டியில் ஓட்டமும் இல்லை, தாவலும் இல்லை. தலைக்கயிற்றைப் பிடித்து நடத்திக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், நடுவர் உடற்கட்டைப் பார்த்துப் பரிசு கொடுப்பார். ஆணா பெண்ணா, வயது என்ன, உயரம் என்ன என்று பல பிரிவுகள். முப்பது அங்குலத்துக்குக் கீழான ஆண் குட்டிகள் பிரிவில் ரோண்டா பேர் கொடுத்திருந்தாள். இன்று விசாரித்தால், அதே பிரிவில் நதீனின் குட்டி பிரின்ஸ்! பதினொரு வருஷமாக ரிப்பன் குவிக்கிறவளோடு முதல் தடவையே மோதினால் ஊர் இன்னொரு முறை சிரிக்கும்.

"வேற பிரிவுக்கு மாத்திட்டாப் போச்சு," என்றான் மெர்ல்.

"உங்க அக்காவுக்குப் பயந்து ஓடச் சொல்றியா?"

"அப்ப அங்கேயே நில்லு."

"தோக்கச் சொல்றியா?"

மெர்ல் ரொட்டிக்குத் திரும்பிவிட்டான்.

முப்பதுக்கு மேற்பட்ட பிரிவுக்கு ரோண்டா மாற்றினாள். அளவுகோலை வைத்தால் மேஜர் இருபத்தொன்பதே முக்கால்தான். அதனாலென்ன, குளம்பு வெட்ட வந்த லாடக்காரரை வாசலோடு திருப்பி அனுப்பினாள். குளம்பு வளர்ந்தால் அரை அங்குலம் கிடைக்காதா? வளரத்தான் செய்தது. ஆனால் மேஜர், அம்மாவின் செருப்பை மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரித் தத்தித் தத்தி நடந்தான்.

மூன்றாவது வாரம் ஓப்பலைக் கூப்பிட்டாள். "இப்ப இந்தப் பிரிவுல யார் யாரு?"

"நீங்க. அப்புறம் பிரின்ஸ். நீங்க மாறின அன்னைக்கே அவங்களும் மாறிட்டாங்க. ரோண்டா, போனை வச்சிராதீங்க, நான் சொல்ல வந்தது..."

தொலைபேசி மறுபடி அறை வாங்கியது.

"வேவு பாக்கறா மெர்ல்! நான் போற இடமெல்லாம் மோப்பம் பிடிச்சுக்கிட்டு வர்றா! உங்க வம்சமே இப்படித்தானா?"

"நானும் அந்த வம்சம்தான். நான் எங்கேயும் வர்றதில்லையே."

ஆத்திரத்தில் லாடக்காரரைக் கூப்பிட்டுக் குளம்பை வெட்டச் சொன்னாள். அவர் திட்டிக்கொண்டே வெட்டினார். அடுத்து, ஒரே நிறக் குதிரைகள் பிரிவு. மேஜர் மூக்கு முதல் வால் வரை கரிக்கட்டை. அந்தப் பிரிவுக்குப் பேர் கொடுத்துவிட்டு, போட்டிக்காகக் குளிர்கால மயிரை மழிக்க இயந்திரத்தை எடுத்தாள். முதுகில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. ஏதோ அழுக்கு என்று இன்னும் மழித்தாள். இன்னொரு திட்டு. அடர்ந்த மயிருக்கு அடியில் இத்தனை நாள் ஒளிந்திருந்த வெள்ளையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முழுசாக மழித்து முடித்தபோது அங்கே கறுப்பு வெள்ளைப் பால்மாடு ஒன்று நின்றது.

மெர்ல் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அன்றிரவு அவனுக்குச் சாப்பாடு இல்லை.

மறுநாள் பட்டியலை விரல் வைத்துப் படித்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். ஒரு வயதுக் குட்டிகள், காயடித்தவை. ஓப்பலிடம் கேட்டாள். "அதுல இதுவரைக்கும் ஒருத்தரும் இல்லையே," என்றாள் ஓப்பல்.

மெர்ல் முதல்முறையாகக் கரண்டியைக் கீழே வைத்தான். "ரோண்டா, அவனுக்காகன்னே ரெண்டு பொட்டைக் குதிரை வாங்கி வச்சிருக்கே."

"அதுங்க கன்னியாஸ்திரியாப் போகட்டும்!"

மத்தியானம் கால்நடை மருத்துவர் ஹோலிஸ் வந்தார். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா? அப்புறம் திரும்ப ஒட்ட வைக்க முடியாது."

"வெட்டுங்க டாக்டர். இந்த நதீன் தொல்லை இன்னையோட ஒழியணும்."

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பேசாதீங்க. வெட்டுங்க."

மயக்கம் தெளிந்து தள்ளாடி எழுந்த மேஜர், அவள் கையையே நக்கினான். ரோண்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பாவத்தையும் நதீன் கணக்கிலேயே எழுதினாள்.

கண்காட்சி நாள் வந்தது. ஒலிபெருக்கியில் ஓப்பலின் குரல்: "முப்பது அங்குலத்துக்குக் கீழ், ஆண் குட்டிகள். போட்டியாளர் யாரும் இல்லை. முப்பதுக்கு மேல். யாரும் இல்லை." இரண்டு நீல ரிப்பன்கள் பெட்டியிலேயே கிடந்தன. இது என்ன கூத்து என்று ரோண்டா எரிச்சல்பட்டாள். யோசிக்க நேரமில்லை, அவள் பிரிவைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேஜரை நடத்திக்கொண்டு களத்துக்குள் நுழைந்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு குதிரை நின்றது. பிரின்ஸ். கயிற்றின் மறுமுனையில் சிவந்த முகத்தோடு நதீன்.

ஈஸ்டரிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. பார்த்த பார்வையில் புல் கருகாததுதான் ஆச்சரியம். ரோண்டா கயிற்றை வெடுக்கென்று இழுத்தாள், மேஜர் பின்னங்காலை மடக்கிக்கொண்டு கோணலாக நின்றான். நடுவர் நீல ரிப்பனை பிரின்ஸுக்குக் கட்டினார். மேஜருக்குச் சிவப்பு. இரண்டே குதிரையில் இரண்டாவது இடம்.

வேலியோரம் காப்பி குடித்துக்கொண்டிருந்த ஹோலிஸை நோக்கி ரோண்டா நேராக நடந்தாள். மேஜர் பின்னால் இழுபட்டு வந்தான்.

"நீங்கதானே போய்ச் சொன்னீங்க? இல்லேன்னா அவளுக்கு எப்படித் தெரியும்? என்னைத் துரத்தறதுக்காகச் சொந்தக் குதிரையையே காயடிச்சிருக்காளே, அவ பொம்பளையா, பிசாசா?"

ஹோலிஸ் காப்பிக் குவளையை வேலிக்கட்டை மேல் வைத்தார்.

"நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லலை, ரோண்டா. அன்னைக்குக் காலையில பிரின்ஸுக்கு முடிச்சிட்டு, கத்தியைக் கழுவி எடுத்துக்கிட்டு நேரா உங்க வீட்டுக்குத்தான் வந்தேன். அவங்களும் இதையேதான் சொன்னாங்க, 'ரோண்டா துரத்திக்கிட்டு வராத பிரிவா ஒண்ணு கிடைச்சாப் போதும், டாக்டர்'னு."