துட்டி கோச்

மதுரையில் அதிகமான சாவு வீடுகளுக்குப் போனவர் யார் என்று போட்டி வைத்தால், அரசியல்வாதிகள் எல்லோரும் இரண்டாம் இடத்துக்குத்தான் மோதிக்கொள்ள வேண்டும். முதல் இடம் ஒரு கால்பந்து கோச்சுக்கு. அவர் மதுரைக்காரர்கூட இல்லை. ஆப்பிரிக்காவில், கானா நாட்டில், குமாசி என்ற ஊரில் பிறந்தவர்.

சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்பதை எங்கள் பக்கத்தில் துட்டிக்குப் போவது என்பார்கள். அதனால் அவர் துட்டி கோச். நான் அப்போது ஒரு நாளிதழில் உள்ளூர் விளையாட்டுச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். ஒருமுறை அவருடைய உண்மையான பெயரைச் செய்தியில் போட்டேன். மறுநாள் அவருடைய ஆட்டக்காரர்களே, "யாருண்ணே இது, புதுக் கோச்சா?" என்று கேட்டார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

கேரளத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பந்தயங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்டக்காரர்களைக் கூட்டிவருவார்கள். அப்படி வந்தவர்தான் இவரும். சில பருவங்கள் அங்கே ஆடிவிட்டு, மதுரையில் ஒரு பந்தயத்துக்கு வந்த இடத்தில் முழங்கால் பிசகி விழுந்தார். கூட்டிவந்த அணி அன்று மாலையே வேன் ஏறிவிட்டது. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் எதிரணியின் செயலாளர் ரபீக் பாய், பழைய ஊருக்குள் பிளாஸ்டிக் வாளிக் கடை வைத்திருப்பவர். கால் சரியாகட்டும் என்று கடை மாடியில் தங்கியவர், இனி சரியாகாது என்று தெரிந்ததும் பாயின் அணிக்கே கோச் ஆனார். பிறகு ஒரு மிஷன் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் வேலை கிடைத்தது. கோச்சடையில் வைகைப் பக்கமாக ஒரு வாடகை வீடும் அமைந்தது.

தமிழை அவர் வாளிக் கடையில்தான் கற்றார். அங்கே வருகிறவர், போகிறவர், விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்கிறவர் எல்லோருமே அண்ணன்தான். ஆகவே அவருக்கு உலகமே அண்ணன். ஆறாம் வகுப்புப் பையனிடமும், "அண்ணே, பந்தைப் பாருங்க அண்ணே" என்பார். கோபம் வந்தால் இன்னும் மரியாதை கூடும். "அண்ணே, தயவுசெஞ்சு வெளிய போய் உக்காருங்க" என்றால் அந்த ஆட்டக்காரனுக்கு இரண்டு வாரம் பெஞ்சுதான்.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில்தான் மைதானத்துக்கு வருவார். சிரிக்க மாட்டார். கோல் போட்டால் துள்ளக்கூடாது, யாரையும் தூக்கக்கூடாது. போட்டவன் நேராகப் போய் எதிரணி கோல்கீப்பருக்குக் கை கொடுக்க வேண்டும். "மாப்ள, ஜெயிச்சோமா தோத்தோமான்னே வெளங்க மாட்டேங்குது" என்று வேடிக்கை பார்ப்பவர்கள் முனகுவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று இருந்தது. ஆட்டக்காரன் வீட்டில் சாவு என்றால் பயிற்சி ரத்து. மொத்த அணியும் துட்டிக்குப் போக வேண்டும்.

இது தெரியாமல் மாட்டியவன் அந்தோணி, அணியின் கோல்கீப்பர். ஒரு நாள் சினிமாவுக்குப் போவதற்காக, "கோச், எங்க பெரியப்பா இறந்துட்டாரு" என்று போனில் சொல்லிவிட்டான். ஊரில் இதைவிடச் சாதாரணமான பொய் கிடையாது. எந்தக் கோச்சும் எந்த வாத்தியாரும் இதை மேற்கொண்டு விசாரித்ததில்லை. துட்டி கோச்சும் விசாரிக்கவில்லை, நம்பினார். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஆளுயர மாலை வாங்கிக்கொண்டு, மொத்த அணியையும் கூட்டிக்கொண்டு, புதூரில் உள்ள அந்த வீட்டின் கதவைத் தட்டினார்.

கையில் டீ டம்ளரோடு கதவைத் திறந்தவர் பெரியப்பா.

"யாருப்பா வேணும்?"

கோச் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நீங்க அந்தோணி அண்ணனோட பெரியப்பாவா?"

"ஆமா."

"நீங்க இறந்துட்டீங்கன்னு சொன்னாங்க."

பெரியப்பா மாலையைப் பார்த்தார். பின்னால் தலைகுனிந்து நின்ற பதினான்கு பேரைப் பார்த்தார். கோச் இரண்டு கைகளையும் கூப்பினார். "மன்னிக்கணும் அண்ணே. அப்ப பெறகு வாரேன்."

"யோவ்! பெறகுன்னா எப்பய்யா?" என்று பெரியப்பா தெருமுனைவரை துரத்தி வந்தார்.

அந்தோணியைக் கோச் திட்டவில்லை. மறுநாள் மைதானத்தில் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, "அந்தோணி அண்ணனோட பெரியப்பா நல்லா இருக்காரு. சந்தோஷம்" என்று அறிவித்தார். முகத்தில் கேலி இல்லை. நிஜமாகவே சந்தோஷப்பட்டார். அந்தோணிக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு லீவு கேட்க அந்த அணியில் வயிற்றுவலி மட்டுமே வந்தது.

கானாவில் துக்க வீட்டுக்குக் கறுப்பும் சிவப்பும் உடுத்திப் போவார்களாம். கோச்சும் கறுப்புச் சட்டை, கறுப்புப் பேண்ட், தோளில் சிவப்புத் துண்டு என்றுதான் போவார். தமிழ்நாட்டில் இந்த இரண்டு நிறங்களும் சேர்ந்தால் என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. டி. கல்லுப்பட்டியில் லெஃப்ட் பேக் பையனின் அப்பா இறந்தபோது அது தெரிந்தது. இறந்தவர் கட்சிக்காரர். பந்தலில் கட்சிப் பிரமுகர்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் கோச்சையும் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். இரங்கல் கூட்டம் தொடங்கியது. நான்கைந்து பேர் பேசி முடித்ததும் மைக் பிடித்திருந்தவர், "அடுத்து, வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் தோழர் பேசுவார்" என்றார்.

கோச் எழுந்து போய் மைக்கைப் பிடித்தார். ஆட்டக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"இந்த அண்ணன் எல்லா மேட்சுக்கும் வந்தாரு," என்றார் கோச். "கோல் போஸ்டுக்குப் பின்னால நிப்பாரு. என்னைத் திட்டுவாரு. யோவ், என் மகனை முன்னால விடுய்யான்னு சொல்வாரு. நான் விடல. போன மாசம் விட்டேன். கோல் போட்டான். அண்ணன் சொன்னது சரி. அதை நான் அவர்கிட்ட சொல்லல."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். இறந்தவரைத் தியாகி, தூண், ஆலமரம் என்று அதுவரை பேசியிருந்தார்கள். அவர் ஒரு மனிதராகப் பந்தலுக்குள் வந்தது அப்போதுதான். காலையிலிருந்து கண்ணீர் விடாமல் உட்கார்ந்திருந்த அவர் மனைவி வெள்ளத்தாய், அதைக் கேட்டதும் வாய்விட்டு அழுதார்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று ரபீக் பாயிடம் ஒருமுறை கேட்டேன். பாய் கடையில் வாளிகளை அடுக்கியபடியே சொன்னார். கோச் கேரளத்தில் ஆடிய காலத்தில் ஓர் இறுதிப் போட்டியன்று அவருடைய அப்பா இறந்த செய்தி வந்திருக்கிறது. அணிக்காரர்கள் மறைத்துவிட்டார்கள். அவர் இரண்டு கோல் போட்டார். தோளில் தூக்கிவைத்து மைதானத்தைச் சுற்றினார்கள். இறக்கிவிட்ட பிறகு விஷயத்தைச் சொன்னார்கள். பருவம் முடியும்வரை ஊருக்கும் விடவில்லை.

"அப்பாவுக்கு இல்லாமப் போனேன் பாய், அம்மாவுக்கு இருப்பேன்னு சொல்வாப்ல," என்றார் பாய். "ஒரு தடவ இல்ல. பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் அங்கதான் வந்து நிக்கும்."

சென்ற ஆண்டு அம்மா இறந்தார்.

அங்கே உடனே அடக்கம் செய்வதில்லை. உடலைப் பாதுகாத்து வைத்து, சொந்தபந்தமெல்லாம் கூடிவர வசதியாகச் சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமையைக் குறிப்பார்கள். ஆகவே கோச்சுக்கு நேரம் இருந்தது. ஆனால் கையில் பாஸ்போர்ட் இல்லை. காலாவதி ஆகப்போகிறது என்று முன்பே புதுப்பிக்கத் தில்லியில் உள்ள கானா தூதரகத்துக்கு அனுப்பியிருந்தார். அது வர வழக்கமாக எவ்வளவு நாளாகுமோ அவ்வளவு நாளாகும் என்றார்கள். அடக்கத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று தன் மாமாவிடம் ஒரே ஒரு முறை கேட்டார். வெவ்வேறு நாடுகளிலிருந்து ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், முடியாது என்றார் மாமா. அதுவும் நியாயம்தான்.

ரபீக் பாய் விடவில்லை. "நான் இன்னிக்கே தில்லிக்குப் போறேன். போய் ஆபீஸ் வாசல்லயே நிக்கிறேன்."

"பாய், பாஸ்போர்ட் டவுன் பஸ் இல்ல, கை காட்டி நிறுத்துறதுக்கு," என்றார் கோச். நான் அறிந்து அவர் அடித்த ஒரே ஜோக். பாயால் சிரிக்க முடியவில்லை.

யாருக்கும் சொல்லக் கூடாது என்று பாயிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, வழக்கம்போலப் பயிற்சிக்கு வந்தார் கோச். ஊரார் துக்கத்துக்கெல்லாம் பயிற்சியை ரத்து செய்தவர் தன்னுடையதற்குச் செய்யவில்லை. அடக்கத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை வரை தாங்கிய பாய், அன்று மாலை அந்தோணியிடம் சொல்லிவிட்டார்.

துக்கம் என்றால் மதுரைக்காரன் கை முதலில் போவது போஸ்டருக்குத்தான். அணி காசு போட்டு அச்சகத்துக்கு ஓடியது. அம்மாவின் படம் யாரிடமும் இல்லை. கோச்சிடம் கேட்டால் விஷயம் உடைந்துவிடும். அச்சகக்காரர், "படம் இல்லாத கண்ணீர் அஞ்சலிய எவன்டா பாப்பான்?" என்று கேட்டிருக்கிறார். அதனால் கோச்சின் படத்தையே போட்டுவிட்டார்கள். மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் கோச், வெள்ளைச் சட்டையில். கீழே, எறும்பு அளவில், 'எங்கள் கோச்சின் தாயார் மறைவுக்கு'. சனிக்கிழமை விடியும்போது மாட்டுத்தாவணியிலிருந்து கோச்சடைவரை சுவரெல்லாம் கோச் செத்துப்போயிருந்தார்.

எங்கள் அலுவலகத்துக்கு வரிசையாகப் போன்கள். உறுதி செய்யாமல் எதையும் எழுதக்கூடாது என்பது தொழில் விதி. அதனால் இறந்தவரையே கூப்பிட்டேன்.

"கோச், நீங்க..."

"இருக்கேன் அண்ணே," என்றார். "ஆனா வாசல்ல நிறைய பேர் வந்திருக்காங்க. கொஞ்சம் வாரீங்களா?"

நான் போனபோது தெருவில் வேன்கள் நின்றன. எதிரணிக்காரர்கள், பள்ளிக்கூடத்துச் சிஸ்டர்கள், பூ மார்க்கெட் ஆட்கள், ரபீக் பாயின் தெருவிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பெண்கள். எல்லோர் கையிலும் மாலை. மாலை போட வேண்டிய ஆள் வாசலில் நின்று, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தோணி ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தான்.

"கோச், அம்மா படத்தக் கேட்டா நீங்க வருத்தப்படுவீகன்னுதான்..."

"எங்க ஊர்லயும் சுவத்துல ஒட்டுவாங்க அண்ணே," என்றார் கோச். "உங்க போஸ்டர் பேப்பர் நல்ல பேப்பர்."

விஷயம் மெதுவாகக் கூட்டத்துக்குள் பரவியது.

"செத்தது இவரு இல்லையாம்ல. அவுக அம்மாவாம்."

"எங்க?"

"ஆப்பிரிக்காவுல."

"அம்புட்டுத் தூரமா?"

கூட்டம் கலைந்துவிடும் என்றுதான் நினைத்தேன். டி. கல்லுப்பட்டி வேனிலிருந்து இறங்கிய வெள்ளத்தாய் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். "எங்க வீட்டுத் துட்டிக்கு வந்த புள்ள. எங்க நடந்தா என்ன, அவனுக்குத் தாய்தான?" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். மற்றப் பெண்களும் உட்கார்ந்தார்கள். ஒப்பாரி வைக்கவேண்டும். ஆனால் யாருக்கென்று வைப்பது?

"அவுக பேரு என்னப்பா?" என்றார் வெள்ளத்தாய்.

"அபேனா."

"என்ன சோலி பாத்தாக?"

"மார்க்கெட்ல தக்காளி வித்தாங்க."

"எத்தன புள்ளைக?"

"ஆறு. நான்தான் மூத்தவன்."

"அடிப்பாகளா?"

கோச் சற்று யோசித்தார். "பந்து ஆடிட்டு வந்தா அடிப்பாங்க. அப்பறம் அவங்களே கால்ல எண்ணெய் தேய்ப்பாங்க."

நான் பல ஆண்டுகள் பேட்டி எடுத்தவன். அவரிடம் இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. வெள்ளத்தாய் கேட்டதையெல்லாம் சேர்த்துக்கொண்டு குரலெடுத்தார். தக்காளிக் கூடையைத் தலையில் சுமந்த தாயே, அடித்த கையாலேயே எண்ணெய் தேய்த்தவளே, கடல் தாண்டிப் போன மூத்த மகன் வாசலில் வந்து நிற்கிறான், கண்ணைத் திற என்று பாடினார். பாட்டில் அவன் வந்துவிட்டிருந்தான்.

கோச் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்தார். பிறகு அழுதார். தோள் குலுங்க, சத்தமாக. அவருடைய ஆட்டக்காரர்கள் பக்கத்தில் போகத் தெரியாமல் நின்றார்கள். ரபீக் பாய் மட்டும் போய்த் தோளில் கை வைத்தார்.

மதியம் குமாசியிலிருந்து தங்கை வீடியோவில் கூப்பிட்டார். அங்கே காலை. அடக்கம் தொடங்கப் போகிறது. அந்தோணி போனை உயர்த்திப் பிடித்தான். திரையில் கறுப்பும் சிவப்புமாகப் பெருங்கூட்டம். நடுவில் பெட்டி. வெள்ளத்தாயின் குரல் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அங்கிருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரையை நோக்கித் திரும்பினார்கள். தங்கை ஏதோ கேட்டார்.

"யார் இவங்கள்லாம்னு கேக்குறா," என்றார் கோச்.

வெள்ளத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "சொந்தக்காரவுகன்னு சொல்லுப்பா."

கோச் போனை வாங்கிக்கொண்டு தங்கையிடம் பேசத் தொடங்கினார். ஒரு வார்த்தையில் முடிந்திருக்க வேண்டிய பதில். ஆனால் அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்து வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்கு அந்த மொழி புரியவில்லை. இடையிடையே பெயர்கள் மட்டும் விளங்கின. ரபீக். அந்தோணி. வெள்ளத்தாய். கொஞ்ச நேரம் கழித்து, என் பெயரும்.