ஒருகால் திருடன்

பெருங்களத்தூர் ஆனந்த நிலையம் அடுக்ககத்தில் எட்டு ஆண்டுகளாக ஒரு திருட்டுகூட நடக்கவில்லை. வருந்தத்தக்க இந்த நிலையைக் குடியிருப்போர் நலச்சங்கம் தீவிரமாகப் பரிசீலித்தது. திருட்டே இல்லாத இடத்தில் காவலாளி எதற்கு என்ற கேள்வி எழுந்தது.

காவலாளி அந்தோணிசாமிக்கு வயது ஐம்பத்தெட்டு. இனி வேறு யார் வேலை கொடுப்பார்கள்? எட்டு ஆண்டும் ஒழுங்காகக் காவல் காத்ததுதான் தாம் செய்த தவறு என்பது அவருக்குத் தாமதமாகப் புரிந்தது. தவறைத் திருத்திக்கொள்ளும் பொருட்டு, தம் பழைய செருப்பு ஜோடியில் இடது கால் செருப்பை மட்டும் ஓர் இரவு மதிலோரம் போட்டுவைத்தார்.

காலை ஏழு மணிக்குள் சங்கம் கூடிவிட்டது.

"எகிறிக் குதிச்சிருக்கான்," என்றார் செயலாளர் வைத்தீஸ்வரன்.

"வலது கால் செருப்பு எங்க சார்?" என்று கேட்டார் தபீதாள் டீச்சர். முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்தவர்.

தேடினார்கள். கிடைக்கவில்லை. ஆகவே திருடனுக்கு வலது கால் இல்லை என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

"ஒத்தக் கால்லயே இந்த மதிலைத் தாண்டறான்னா, ரெண்டும் இருந்தா என்ன பண்ணுவான்!" என்று யாரோ சொல்ல, கூட்டம் நடுங்கியது.

மத்தியானமே கேளம்பாக்கத்திலிருந்து பாதுகாப்புக் கருவி விற்கும் ஸ்டெபின் வந்து, வாசலில் ஒரு மிதியடியை விரித்தார். ஒற்றைக் கால் பட்டால் அது அலறும்.

"நடக்கிறவங்க எல்லாருமே முதல்ல ஒரு காலைத்தானேப்பா வைப்பாங்க?" என்றார் டீச்சர்.

"பயமுறுத்தறதுக்காகச் சொல்லல மேடம். உங்களுக்குக் குடும்பம் முக்கியமா, நடை முக்கியமா?"

குடும்பம்தான் முக்கியம் என்று தெரியவந்தது. அன்று முதல் எல்லோரும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குதித்தே உள்ளே போனார்கள். காய்கறிப் பையோடு டீச்சரும் குதித்தார். எட்டிப் பார்த்த பக்கத்து அடுக்ககத்தார், "நமக்கு ஏன் இந்த வசதி இல்லை?" என்று தங்கள் செயலாளரைப் பிடித்து உலுக்கினார்கள்.

அந்தோணிசாமி நிம்மதியாக மூச்சு விட்ட வேளையில் வைத்தீஸ்வரன் கூப்பிட்டு அனுப்பினார்.

"அந்தோணி, இவ்ளோ பயங்கரமான திருடனை உன் வயசுல சமாளிக்க முடியாதுப்பா. மாசக் கடைசியோட நின்னுக்கோ. ரெண்டு பவுன்சருங்க வராங்க."

"இன்னா சார் பேஜாரா கீது! திருடனே கிடையாது சார். அது என் செருப்பு. இதோ பாருங்க, இன்னொண்ணு என் பையிலயே கீது."

அவசரமாகக் கூடிய சங்கம் இரண்டு செருப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. ஜோடி சேர்ந்தது. அந்தோணிசாமியின் காலுக்கும் பொருந்தியது.

தபீதாள் டீச்சரின் முகம் வெளுத்தது. "திருடன் இல்லைன்னா, நாம எதுக்குக் குதிச்சோம்?"



சங்கம் மாதக் கடைசிவரை காத்திருக்கவில்லை. அன்று மாலையே அறிவிப்புப் பலகையில் ஆணை ஒட்டப்பட்டது:

"திருடன் இல்லை என்ற ஆதாரமற்ற வதந்தியைப் பரப்பி, குடியிருப்போர் மத்தியில் பீதியை ஏற்படுத்திய காரணத்தால் காவலாளி உடனடியாகப் பணிநீக்கம் செய்யப்படுகிறார். திருடன் இருக்கிறான். யாரும் அச்சப்படத் தேவையில்லை."