கனவுக் கொப்பியில் போன தோணி

நாற்பத்தெட்டு வயதுவரை நான் கண்ட கனவுகளில் ஒன்றுகூட என்னிடம் மிச்சமில்லை. இது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று ஒரு நாள் பகல்தூக்கத்தால் எழும்பியபோதுதான் எனக்கு உறைத்தது. திடுக்கிட்டுப் போனேன். ஓடிப்போய்ப் பக்கத்து வளவுச் செபஸ்தியாம்பிள்ளையிடம் அழாக்குறையாகச் சொன்னேன். அவர் அரசாங்க வேலைகளை மேற்பார்த்து இளைப்பாறிய ஓவசியர். இங்கிலீஷ் சஞ்சிகை படிக்கிறவர்.

"அதுக்கு வழியிரிக்கு," என்றார். "தலைமாட்டில ஒரு கொப்பி வை. கண் முழிச்ச உடன எழும்பாத. யோசியாத. கண்டத அப்பிடியே எழுது. தேதி, நேரம் போட்டுக் கையெழுத்தும் வை."

"கனவுக்குக் கையெழுத்து என்னத்துக்கு?"

"அது சஞ்சிகையில இல்ல. ஆனா கையெழுத்தில்லாத கடதாசிய நான் மதிக்கிறதில்ல."

அன்றே நாற்பது தாள் கொப்பி ஒன்று வாங்கினேன். எங்கள் நாட்டில் யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் அது.

முதல் கிழமை "ஏதோ கண்டேன்" என்று ஏழு தரம் எழுதினேன். இரண்டாம் கிழமை ஒரு முதலையின் வால் ஞாபகம் வந்தது. மூன்றாம் கிழமை முழு முதலையும் வந்து, என் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பர் வாசித்தது. அதற்கு மறுகா என்னைப் பிடிக்க ஏலாது. வெள்ளிக்கிழமை பகல் தொடங்கிய ஒரு கனவு ஞாயிற்றுக்கிழமைப் பூசை மணிக்குத்தான் முடிந்தது. நடுவில் நான்கு தரம் எழும்பிச் சாப்பிட்டேன்.

என் மனைவி செசீலியா தினமும் வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். ஒரு நாள் வாசித்தேன்: "காகம் ஒன்று சுளகில் கிடந்த கருவாட்டைத் தூக்கியது. செசீலியா சிரட்டையால் எறிந்தாள். அது காகத்துக்குப் படவில்லை. ஓவசியருக்குப் பட்டது."

"அது கனவில்ல. நேத்து நடந்தது," என்றாள். "நீங்க அரைக் கண்ணால பாத்துப்போட்டு எழுதியிரிக்கீங்க."

"விசர்க்கதை கதையாத புள்ள. கொப்பில இரிக்கு. அப்ப கனவுதான்."

செசீலியா கொப்பியை வாங்கி அந்தப் பக்கத்தைத் தானும் ஒருதரம் வாசித்தாள்.

"கொப்பில எழுதினா கனவு. அப்பிடித்தானே?"

"அப்பிடித்தான்!"

இந்த இடத்தில் என் தோணியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பகுதியில் வீடு வளவெல்லாம் பெண்ணுக்கு. மாப்பிள்ளை ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேருவான். வீடு அவளுடையது, தென்னை அவளுடையது. கோழிகூட என்னைக் கண்டால் 'இவன் ஆர்?' என்று பார்க்கும். எனக்கென்று இருந்தது அந்தத் தோணி ஒன்றுதான். பின்னேரமானால் அதில் ஏறி வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போவேன். அங்கே கள்ளு உண்டு, கடுதாசி விளையாட்டு உண்டு. முக்கியமாக, செசீலியா இல்லை.

அவளுடைய தம்பியின் பெயர் பற்றிக். மூன்று பிள்ளைக்காரன். பிறத்தியார் வலையில் கூலிக்குப் போகிறவன். தோணியை மூன்று தரம் கேட்டான். மூன்று தரமும் நாயை அவிழ்க்கப் போனேன்.

ஒரு நாள் மத்தியானம் கரையோர வேப்பமரத்தடியில் படுத்திருந்தேன். கண் பாதி திறந்தது. பற்றிக் தோணியை முன்னால் இழுக்கிறான். செசீலியா பின்னால் தள்ளுகிறாள்.

"அத்தான், தோணிய எடுக்கட்டா?" என்றான் பற்றிக்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கனவில் நான் எப்போதுமே தாராளம். முந்தின நாள்தான் மட்டக்களப்புக் கோட்டையை ஒரு காத்தான்குடி வியாபாரிக்குச் சும்மா கொடுத்திருந்தேன்.

"எடு மச்சான்! உனக்குத்தான்! துடுப்பையும் கொண்டு போ!"

அந்நேரம் காலில் ஓர் எறும்பு கடித்தது. கனவில் எறும்பு கடிக்குமா? சந்தேகம் வந்து எழும்பப் பார்த்தேன்.

"ஐயோ, எழும்பாதீங்க!" என்று செசீலியா கத்தினாள். "முதல்ல எழுதுங்க! இல்லாட்டி மறந்து போயிரும்!"

நியாயம்தானே. எழுதினேன். ஒன்றரைப் பக்கம். எறும்பையும் விடவில்லை. தேதி, நேரம், கையெழுத்து. திரும்பவும் படுத்தேன்.

பின்னேரம் கரைக்குப் போனால் கட்டுத்தறி நிற்கிறது. தோணியைக் காணோம். மரத்துக்குப் பின்னால் பார்த்தேன். கிணற்றுக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். தூரத்தில், நடு வாவியில், என் தோணியில் நின்று பற்றிக் வலை வீசிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டு கையை வேறு காட்டினான்.

"செசீலியா! பட்டப்பகல் கொள்ளை! ரெண்டு பேரும் சேந்து தள்ளினீங்க. கண்ணால கண்டன்!"

அவள் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். "எப்ப கண்டீங்க?"

"மத்தியானம். படுத்திரிக்கக்குள்ள."

"கொப்பில எழுதினீங்களா?"

"...எழுதினன்."

"அப்ப கனவுதான்."

"அந்தா போறானே! அதுவும் கனவா?"

"சரி, நடந்ததெண்டே வையுங்க. அவன் கேட்டதுக்கு என்ன சொன்னீங்க? வாசிங்க."

வாசித்தேன். "துடுப்பையும்" என்ற இடத்தில் கொப்பியை மூடினேன்.

"ஊர் விதானையாரிட்ட முறைப்பாடு சொல்லப் போறன்!"

"போங்க. கொப்பியையும் கொண்டு போங்க."

விதானையாரிடம் போகவில்லை. ஓவசியரிடம் போனேன். அவர் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"முப்பது வருஷ உத்தியோகத்தில இவ்வளவு ஒழுங்கான கடதாசி ஒண்டு நான் காணல," என்றார்.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டால் கதை முடிந்தது என்று தீர்மானித்துக்கொண்டு படுத்தேன். விடிந்ததும் தலைமாட்டைத் தடவினேன். கொப்பி கையில் பட்டது. திறந்தேன். நாற்பது தாளும் வெள்ளை! முதலையைக்கூடக் காணோம்!

"செசீலியா! எழுதினதெல்லாம் எங்க?"

எனக்குக் குடிக்கக் கோப்பியோடு வந்தாள்.

"அது உங்களுக்குப் புதுக் கொப்பி. பழையதத் தம்பி விடியிறதுக்கு முன்னம் வெள்ளாப்பில வந்து வாங்கிட்டுப் போயிட்டான். தோணிக்கு உறுதிக் கடதாசி வேணுமாம்."