பீரோ எந்தப் பக்கம்?

தலைசுற்றல் உள்ளவர் நாற்காலி மேல் ஏறவே கூடாது என்று காது டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தராசுக்காரர் டாக்டர் பேச்சைத் தட்டுகிறவர் அல்ல. அதனால் மேசை மேல் ஏறினார்.

ஏறி நின்று, ஒரு டம்ளரைக் கவிழ்த்துச் சீலிங்கில் அழுத்தி, அதன் அடிப்பக்கத்தில் புதிதாகச் சரிசெய்த வலது காதை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

சுவர்க் கடிகாரம் கேட்டது. குழாய் சொட்டுவது கேட்டது. தன் நெஞ்சு அடித்துக்கொள்வதுகூடக் கேட்டது. மாடி வீடு மட்டும் கேட்கவில்லை.

மணி ஆறரை. ஒன்பது வருஷமாக மாடி வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் சண்டையைத் தொடங்குகிற நேரம்.

"ஆரம்பிங்கப்பா" என்று சீலிங்கைப் பார்த்துக் கெஞ்சினார். அதற்குள் அறை மெதுவாக ஜன்னல் பக்கம் சாய்ந்தது. மின்விசிறியின் தண்டைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் நின்று பயணம் செய்கிறவர்போல, தலைசுற்றல் நிற்கும்வரை காத்திருந்தார்.

தராசுக்காரருக்குத் தராசு பழுது பார்க்கிற வேலை. ஒரே கடையில், ஒரே நாற்காலியில், முப்பத்தோரு வருஷம். எந்தத் தராசின் முள்ளும் அவர் கைக்கு வந்தால் நட்டநடுவில் போய் நின்றுவிடும். வீட்டுக்கு வந்தால்தான் சமன் செய்ய எதிர்த் தட்டில் ஆள் இல்லை. மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது.

அவள் இருந்த காலத்தில் மாடிச் சண்டையை இருவரும் சேர்ந்து கேட்பார்கள். அவள் மாடி வீட்டுப் புருஷன் கட்சி. இவர் பெண்டாட்டி கட்சி. மேலே சண்டை முடிந்த பிறகு கீழே தொடரும். அவள் போன பிறகு அந்த வீட்டில் பேச்சு என்று ஒன்று இருந்தால், அது மாடியிலிருந்து இறங்கி வந்ததுதான்.

இப்படி இருக்கும்போது காது போயிற்று. இடது காது வாலிபத்திலேயே ஓய்வு வாங்கிக்கொண்டது. வலது காது கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகி, அடைத்து, ஒருநாள் மாலை கடையைச் சாத்திவிட்டது. அதுவும் எந்த இடத்தில்? பீரோ விவகாரம் உச்சத்தில் இருந்தபோது.

பீரோவைக் கிழக்குச் சுவரில் வைக்க வேண்டும் என்றாள் மாடி வீட்டுப் பெண்டாட்டி. மேற்குச் சுவரை விட்டு ஓர் அங்குலம் நகராது என்றான் புருஷன். "இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. அது எந்த ஒன்று என்பது விழவில்லை.

"ஆபரேஷன் பண்ணலாம்" என்றார் டாக்டர் அம்மா. "ஆனா அவசரம் ஒண்ணும் இல்ல, ஐயா. அடுத்த வருஷம்கூடப் பண்ணிக்கலாம்."

"அவசரம்தான் டாக்டர். ஒரு பீரோ விஷயம் பாக்கி நிக்குது."

ஆபரேஷன் நடந்தது. மூன்று வாரம் காதில் பஞ்சும் தலையில் கட்டும். அந்த மூன்று வாரமும் உலகம் அவரிடம் வாயை மட்டும் அசைத்தது. "என்ன? என்ன?" என்று கேட்டு மனிதர்களைக் களைப்படையச் செய்ய அவருக்கு மனமில்லை. அதனால் யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டி, "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிடுகிற ஒரு முறையைக் கடைப்பிடித்தார். முறை என்னவோ மரியாதையானதுதான். விளைவுதான் கொஞ்சம் முன்னேபின்னே இருந்தது.

பால்காரர் வந்து ஏதோ சொன்னார். "ரொம்ப சந்தோஷம்" என்றார். மறுநாளிலிருந்து பால் நின்றுவிட்டது. பேப்பர் போடுகிறவருக்கும் அதே பதில். பேப்பரும் நின்றது. எதிர்வீட்டு டீச்சர் இரண்டு கையிலும் பையோடு வந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்து என்னவோ சொன்னார். மகள் வீட்டுக்கு விடுமுறைக்குப் போகிறார், மகளுக்குப் பிரசவமாக இருக்கும் என்று தானே முடிவுகட்டிக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம். நிதானமா இருந்துட்டு வாங்க" என்றார். டீச்சர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு ஆள் வந்து ஒரு தாளைக் கொடுத்தார். குடியிருப்போர் சங்கத்துக் கூட்டம் என்றால் இப்படித்தான் தாள் வரும். கையெழுத்துப் போட்டு வாங்கி, எட்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் சொருகிவிட்டார். அந்த மூன்று வாரத்தில் உருப்படியாக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

கட்டுப் பிரித்த அன்று மாலை, முகம் கழுவி, தலை வாரி, கச்சேரிக்குப் போகிறவர்போல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஆறரை ஆயிற்று. ஏழு ஆயிற்று. மேலே ஒரு நாற்காலி இழுபடவில்லை. ஒரு பாத்திரம் விழவில்லை. டீச்சர் வீட்டு ரேடியோ இல்லை. யாரும் படியில் செருப்பைத் தேய்த்துக்கொண்டு ஏறவில்லை. அவருக்குச் சந்தேகமே இல்லை. டாக்டர் அம்மா அவருக்கு வைத்தது ஓர் அறைக்கு மட்டும் வேலை செய்கிற காது.

இதோடு தலைசுற்றல் வேறு. படுத்தால் ஜன்னல் பக்கம் உருளுகிறார். தட்டில் ஊற்றிய கஞ்சி ஒரே ஓரத்தில் போய்ச் சேருகிறது. காது கெட்டால் கண்ணும் கெட்டு, கண் கெட்டால் கஞ்சியும் கெடும் போலிருக்கிறது என்று வியந்துகொண்டார்.

மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். படி இறங்கும்போது தலையை நிமிர்த்தக் கூடாது, கால் கட்டைவிரலையே பார்த்து இறங்க வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. கட்டைவிரலைப் பார்த்தபடியே இறங்கினார். வாசலில் குறுக்கே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு நாடா கட்டியிருந்தது. யார் வீட்டிலோ விசேஷம். நமக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை பார் என்று நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு முள் தைத்தது. குனிந்து, அந்த நாடாவுக்கு அடியில் நுழைந்து போனார்.

டாக்டர் அம்மா அவர் தலையில் இயந்திரத்தை மாட்டி, மெல்லிய சத்தங்களை எல்லாம் அனுப்பிப் பார்த்தார். அத்தனைக்கும் இவர் பொத்தானை அழுத்தினார். டாக்டர் தரையில் கோடு போட்டு நடக்கச் சொன்னார். இவர் நூல் பிடித்த மாதிரி நடந்தார்.

"காது பிரமாதமா இருக்கு, ஐயா."

"இங்க நல்லாத்தான் இருக்கும் டாக்டர். உங்களைக் கண்டா அதுக்குப் பயம். வீட்டுக்குப் போனா சுத்துது."

"எப்படிச் சுத்துது?"

"ஜன்னல் பக்கமா."

"சுத்துதா, இழுக்குதா?"

"இழுக்குது. ரொம்ப ஒழுங்கான தலைசுத்தல் டாக்டர். ஒருநாள்கூடப் பக்கம் மாறினது இல்ல."

டாக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "வீட்டுல கூட யார் இருக்காங்க?"

"மாடியில இருக்காங்க."

"நான் உங்க வீட்டுல கேட்டேன், ஐயா."

"அதான் சொன்னேனே டாக்டர். மாடியில."

டாக்டர் அம்மா பேனாவை மறுபடி எடுத்தார். "தனியா இருந்தா உடம்பு இப்படி எல்லாம் விளையாட்டுக் காட்டும். யார்கூடவாவது வாய் விட்டுப் பேசுங்க. எல்லாம் சரியாயிடும்."

பேசுவதற்கு இருந்தது கடை ஒன்றுதான். முதலாளி இவரைவிட இருபது வயது சின்னவர். "அண்ணே, நான் வெளிப்படையாவே கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க" என்றார். "தலை சுத்துற ஆளு தராசைத் தொடலாமா? என் மச்சான் வேற வேலை கேட்டு வாசல்லயே நிக்கறான்."

"ஒரு தராசைக் குடுங்க. வீட்டுல வச்சு முள்ளை நேரா நிறுத்திக் கொண்டாறேன். அப்புறம் பேசுங்க."

பையில் ஒரு சின்னத் தராசோடு வந்து, மேசை மேல் வைத்தார். முள் ஜன்னல் பக்கம் ஒதுங்கி நின்றது. அந்த மேசை பதினோரு வருஷத்துக்கு முன் அவரே மட்டம் பார்த்துப் போட்டது. மேசையைச் சந்தேகிப்பது பெற்ற பிள்ளையைச் சந்தேகிப்பது மாதிரி. ஆகவே திருகைத் திருகினார். மூன்று மணி நேரம் திருகினார். கடைசியில் முள் நடுவில் வந்து, தவம் செய்கிற மாதிரி நின்றது. நாலு வருஷத்தில் அவர் விசில் அடித்தது அன்றுதான்.

மறுநாள் கடையில், எல்லோர் முன்னாலும் தராசை எடுத்து வைத்தார். முள் சுவர் பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது.

மச்சான்காரன் அந்த முப்பத்தோரு வருஷ நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தான்.

"நல்லா ரெஸ்ட் எடுங்கண்ணே" என்றார் முதலாளி. வேலையை விட்டுத் தூக்குகிறவர்கள் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

அன்று மாலைதான் அவர் மேசை மேல் ஏறி, டம்ளரைப் பிடித்து, மின்விசிறித் தண்டைக் கட்டிக்கொண்டு நின்றது.

கீழே இறங்கி யோசித்தார். டாக்டர் பேசச் சொன்னார். பேச ஆள் இல்லை. மாடியில் இரண்டு பேர் ஏதோ கோபத்தில் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். இல்லை, பேசுகிறார்கள், காதுக்கு எட்டவில்லை. எதுவானாலும் கொஞ்சம் உசுப்பிவிட்டால் சத்தம் கூடும்.

துடைப்பக் கட்டையால் சீலிங்கை இடித்தார். கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. மறுபடி இடித்தார். ஒரு கைப்பிடி உதிர்ந்தது. மூன்றாவது இடியில் தட்டளவு காரை பெயர்ந்து தலையில் விழுந்தது. இதற்குப் பிறகும் ஒருத்தர் இறங்கி வந்து திட்டவில்லை என்றதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டக்கூட வேண்டாத ஆளாகிவிட்டோமா?

மறுபடியும் மேசை மேல் ஏறினார். இந்தத் தடவை டம்ளர் இல்லை. சண்டையை அவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டார்.

"கிழக்குச் சுவர்லதான் பீரோ!" என்று பெண்குரலில் கத்தினார். ஒன்பது வருஷப் பயிற்சி, குரல் தத்ரூபமாக வந்தது.

வலது காதைச் சீலிங் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"மேற்கே இருந்து நகத்தினா நான் மனுஷன் இல்ல!" என்று ஆண்குரலில் கத்தினார்.

"இப்ப மட்டும் நீங்க மனுஷனா?"

"யாரைப் பாத்துடி கேக்கறே?"

"இங்க வேற யாரு இருக்கா, உங்களைத்தான்!"

சொல்லச் சொல்ல அவருக்குச் சூடு பிடித்தது. பெண்டாட்டி கட்சியில் தானும் புருஷன் கட்சியில் மனைவியுமாக உட்கார்ந்திருந்த மாலைகள் எல்லாம் தொண்டைக்கு வந்தன. "எப்பப் பாத்தாலும் அந்த ஆளுக்கே ஏத்துக்கிட்டுப் பேசுவியே, இப்ப வந்து பேசு!" என்றபோது எந்த வீட்டுச் சண்டையைப் போடுகிறோம் என்பது அவருக்கே குழம்பிவிட்டது. நிறுத்தினார்.

அப்போது கேட்டது.

படியில் காலடிச் சத்தம். ஒரு மாடி, அடுத்த மாடி. மேலே போயிற்று. தலைக்கு மேல் தடதடவென்று நடந்தது. ஒன்றொன்றாக, தெளிவாக, தராசுக்காரர் எண்ணிப் பார்க்கிற அளவுக்குக் கேட்டது.

"காது திறந்துடுச்சு!" என்று மேசையிலிருந்து குதித்தே விட்டார். காலடி இறங்கி வந்தது. கதவு தட்டுகிற சத்தம். என்ன சத்தம்! திறக்க மனமில்லாமல் மூன்று தடவை தட்டவிட்டு, அனுபவித்து, பிறகுதான் திறந்தார்.

தலையில் மஞ்சள் தொப்பியும் கையில் தடிமனான நோட்டுமாக ஒரு ஆள் மூச்சு வாங்க நின்றார். தராசுக்காரருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "சண்டை போட்ட அந்த அம்மா எங்க?" என்றார்.

"அதை விடுங்க. நீங்க மேல போயிட்டுத்தானே வர்றீங்க? அவங்க வீட்டுப் பீரோ எந்தப் பக்கம் இருக்கு?"

தொப்பிக்காரர் விழித்தார். "கிழக்குப் பக்கம்."

"ஜெயிச்சுட்டா!" தராசுக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாலு வருஷத்துக்குப் பிறகு பிடிக்கிற மனிதக் கை. விட மனம் வரவில்லை. "நான் அப்பவே சொன்னேன். அதான் சத்தத்தையே காணோம். சமாதானம் ஆயிட்டாங்களா?"

தொப்பிக்காரர் நோட்டைப் புரட்டி, ஒரு வரியை விரலால் தொட்டுப் படித்துவிட்டு, அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, இங்க பன்னெண்டு வீட்டுப் பீரோவும் கிழக்குச் சுவர்லதான் வந்து நிக்குது, கட்டடம் அந்தப் பக்கம் சாயுதுன்னு எல்லாரும் போட்டது போட்டபடி காலி பண்ணிப் போயி மூணு வாரம் ஆகுது, நீங்க ஒருத்தர் மட்டும் நோட்டீஸைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டு 'ரொம்ப சந்தோஷம்'னு சொன்னதா இதுல எழுதியிருக்கு."