உறை பிரியாத இரண்டாம் பாகம்

ஓலைச்சுவடிகளைக் கரையானுக்கும் ஆற்று வெள்ளத்துக்கும் வாரிக் கொடுத்த இனம் என்று தமிழர்மேல் ஒரு பழி உண்டு. அந்தப் பழி 2008-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பத்தரை மணிக்கு, உத்தமபாளையத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் பந்தி ஹாலில் நிரந்தரமாகத் துடைக்கப்பட்டது. துடைத்தவர்கள் பதினோரு பேர். கம்பம் பள்ளத்தாக்கு சித்திரக்கதை நேயர் பேரவையின் மொத்த உறுப்பினர்களும் அவர்களே. அவர்களின் 'முதலாவது உலகக் காமிக்ஸ் மாநாடு' அன்று கூடியது. பெரிய ஹாலைக் காதுகுத்துக்காரர்கள் முந்திக்கொண்டதால், வரலாறு பந்தி ஹாலில், நறுக்கிய வாழையிலை வாசனைக்கு நடுவே நிகழ வேண்டியதாயிற்று.

பேரவையின் பொதுச்செயலாளர் அருளப்பன், ராயப்பன்பட்டிக்காரர். அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். கோப்பைப் பிரிக்காமலே அதற்குக் குறிப்பெழுதும் ஆற்றலுக்காக அதிகாரிகளால் பாராட்டப்பட்டவர். அந்த ஆற்றலை அவர் அலுவலகத்தோடு விட்டுவிடாமல் வீட்டுக்கும் கொண்டுவந்தார் என்பதுதான் இலக்கியம் செய்த பாக்கியம்.

அவர் வீட்டு இரும்பு பீரோவில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு காமிக்ஸ்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனி பாலித்தீன் உறையில். உறையின் வாயை இரண்டு ஆக்ஸா பிளேடுகளுக்கு நடுவே பிடித்து, மெழுகுவத்தியில் காட்டி, அவரே ஒட்டியது. தட்டுக்கு நாலு அந்துருண்டை. மனைவியின் பட்டுப் புடவைகள் கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டியில் இருந்தன. புடவைக்கு வயது குறைவு, தாங்கும்.

பீரோவின் மேல்தட்டில் தனியாக வீற்றிருந்தது 'ஈரக் கையுறை – பாகம் இரண்டு'. 1996-இல் வந்த இதழ். ரப்பர் கையுறைப் படம் போட்ட ஸ்டிக்கர் ஒன்றை இலவசமாக உள்ளே வைத்து, பதிப்பகத்தாரே உறையை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். தேனி பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் அதை வாங்கியபோது அருளப்பனிடம் முதல் பாகம் இல்லை. முதல் பாகம் இல்லாமல் இரண்டாம் பாகத்தைப் பிரிப்பது நடைமுறைக்கு மாறானது. ஆகவே 'நிலுவையில்' வைத்தார். முதல் பாகம் கடைசிவரை அகப்படவில்லை. அதற்குள், உறை பிரியாத பிரதி என்றால் தங்கம் மாதிரி என்று சேலத்துச் சேகரிப்பாளர்களிடமிருந்து சேதி வந்துவிட்டது. நிலுவை நிரந்தரமானது.

அந்த இதழுக்கு ஆசைப்பட்ட இன்னொரு ஜீவனும் பூமியில் இருந்தது. 1999-இல் அருளப்பன் பெண் பார்க்கப் போன வீட்டில், தனியாகப் பேசச் சொல்லி இருவரையும் கொல்லைப்பக்கம் அனுப்பினார்கள். ஜெபராணி வேறெதுவும் கேட்கவில்லை.

"காமிக்ஸ் நெறைய வச்சுருக்கீகளாமே?"

"ஆயிரத்துக்கு மேல."

"ஈரக் கையுறை ரெண்டாம் பாகம் இருக்கா?"

"இருக்கு."

"ஹாஸ்டல்ல படிக்கும்போது மொதப் பாகம் படிச்சேன். மாளிகையில ஜமீன்தாரு செத்துக் கெடக்காரு. டாக்டர், மருமகன், தோட்டக்காரன், சமையல்காரி, நாலு பேரும் நிக்கிறாக. 'கொலைகாரன் இந்த அறையில்தான் இருக்கிறான்'னு இன்ஸ்பெக்டரு சொல்றாரு. லைட்டு அணைஞ்சுருது. தொடரும்னு போட்டுட்டான் பாவி."

டிராக்டர் வைத்திருந்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டு அவள் அருளப்பனுக்குச் சம்மதித்தாள். மாப்பிள்ளையின் நெற்றி அவளுக்குப் பிடித்துவிட்டதாக அவளுடைய அம்மா இன்றும் நம்புகிறார். முதல் பாகம் தெரிந்த ஒருத்தியும் இரண்டாம் பாகம் வைத்திருந்த ஒருவனும் மாதா கோயிலில் ஒன்றாக இணைக்கப்பட்டார்கள். இத்தனை பொருத்தம் எந்த ஜாதகத்திலும் வராது.

கல்யாணமான மூன்றாம் நாள் ஜெபராணி கத்தரிக்கோலோடு பீரோ முன்னால் நின்றாள். அருளப்பன் குறுக்கே விழுந்தார்.

"பிரிச்சா செத்துரும்டி!"

"ஏற்கெனவே ஒருத்தன் செத்துக் கெடக்கான். யார் கொன்னதுன்னு பாத்துட்டு ஒட்டி வச்சுருவோம்."

"ஒட்டுனா அது ஒட்டுன பிரதி. ஒலகத்துல அதுக்கு மரியாதை கெடையாது."

ஒன்பது வருடம் இப்படியே போனது. அவள் குழம்பில் உப்பைக் குறைத்துப் பார்த்தாள். தாய்வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்து பார்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உறைக்கு மேலாகவே கடைசிப் பக்கத்தைப் படிக்க முயன்றாள், விளம்பரம்தான் தெரிந்தது. அருளப்பன் அசையவில்லை. கொள்கைப் பிடிப்புள்ள மனிதர்கள் அரசு வேலைக்கு வருவதில்லை என்று சொல்பவர்கள் அவரைப் பார்க்க வேண்டும்.

இந்த நிலையில்தான் பேரவையின் கொள்கை பரப்புச் செயலாளர் ராக்கையா, தேனி பிரவுசிங் சென்டரிலிருந்து ஓடி வந்தார்.

"அமெரிக்காவுல காமிக்ஸ் மாநாடு போடுறாகளாம்ணே! லச்சம் பேரு கூடுறாகளாம். அம்புட்டுப் பேரும் வேசங்கட்டி வாராகளாம்!"

தலைவர் சேக் பரீத் கம்பத்தில் திராட்சை மண்டி வைத்திருப்பவர். யோசித்து முடிவெடுப்பது அவர் பரம்பரையிலேயே கிடையாது. "நம்ம பள்ளத்தாக்கு அமெரிக்காவுக்குக் கொறைஞ்சா போச்சு? போடுறா மாநாட்ட!" என்றார்.

நோட்டீஸ் அடிக்கப்பட்டது. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, விளக்கவுரை, சிறப்புரை, பேருரை, நிறைவுரை, நன்றியுரை என்று பதினோரு பேருக்கும் ஒரு குறையுமில்லாமல் பங்கு வந்தது. ஒரு பெயர் விட்டுப்போயிருந்தாலும் பேரவை இரண்டாகியிருக்கும். இதனால் விளைந்த சிறு சிக்கல் மாநாட்டன்று தெரிந்தது: உறுப்பினர்கள் எல்லோரும் மேடையில் இருந்தார்கள். கீழே அறுபது நாற்காலி இருந்தது. முன்வரிசையில் ஜெபராணி மட்டும் இருந்தாள்.

"திரளாகக் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!" என்று சேக் பரீத் தொடங்கினார். தாய்மாரைப் பொறுத்தவரை அதில் பொய் ஏதுமில்லை.

ராக்கையா அமெரிக்க முறைப்படி 'மின்னல் முகமூடி'யாக வந்திருந்தார். முதுகில் அவர் அப்பாவின் நீலப் போர்வை. முகத்தில், கண்ணுக்கு மட்டும் ஓட்டை போட்ட குரங்குக் குல்லாய். மே மாதம். சின்னமனூரில் பஸ் ஏறும்போது கண்டக்டர், "எத்தன நாளாக் காய்ச்சல்?" என்று விசாரித்து உட்கார இடம் கொடுத்தாராம்.

மேடைக்குப் பக்கத்தில் கண்காட்சி. கயிறு கட்டி, 'தொடாதீர், அருகில் மூச்சு விடாதீர்' என்று எழுதியிருந்தது. மேசைமேல் பதினோரு 'ஈரக் கையுறை' இரண்டாம் பாகங்கள் வரிசையாக, ஒரே மாதிரி மின்னின. பதினொன்றும் உறை பிரியாதவை. ஏனென்றால் பேரவையில் சேர அதுதான் தகுதி. விதி எண் ஒன்று.

வரவேற்புரை முடியும் நேரத்தில் பின்வரிசையில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். கையில் மஞ்சள் பை. பெயர் சுருளிவேல், கெங்குவார்பட்டியில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். போன வாரம் தேனிக்குச் சோப்பும் பவுடரும் வாங்கப் போன இடத்தில் சுவரில் நோட்டீஸைப் பார்த்து, படிக்கிறவர்கள் கூடும் இடம் என்று தப்பாக நினைத்து வந்துவிட்டார்.

அடுத்து வினாடி வினா. ஈரக் கையுறை இரண்டாம் பாகத்தின் பக்கங்கள் எத்தனை? தொண்ணூற்றாறு. இதழ் எண்? நூற்று நாற்பத்தேழு. முதுகில் அடித்திருக்கும் பின் எத்தனை? இரண்டு, மேல்பின் ஒரு நூல் சாய்ந்திருக்கும். மேடையிலிருந்தவர்கள் கேட்டார்கள், மேடையிலிருந்தவர்களே சொன்னார்கள். அறிவு பெருக்கெடுத்தது.

"அவையோர் எவருக்கேனும் ஐயம் உண்டா?" என்று மைக்கில் கேட்டார் அருளப்பன். அவையில் பாதி தன் மனைவிதான் என்பதை ஒரு கணம் மறந்துவிட்டார்.

ஜெபராணி எழுந்தாள். "கொலை பண்ணுனது யாரு?"

பக்கத்து ஹாலில் காது குத்தப்பட்ட குழந்தை மட்டும் அழுதது.

அருளப்பன் தலைவரைப் பார்த்தார். தலைவர் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் மின்விசிறியைப் பார்த்தார். பதினோரு பேரும் வைத்திருந்தார்கள். ஆகவே பதினோரு பேருக்கும் தெரியாது.

"இது பொருளடக்கம் சம்பந்தப்பட்ட கேள்வி," என்றார் சேக் பரீத். "நம்ம பேரவை பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, தங்கச்சி."

"ஒம்பது வருசமாக் கேக்குறேன் பாய். இம்புட்டுப் பேரு இருக்கீக, ஒருத்தருக்குமா தெரியல?"

பேரவை நெருக்கடியைக் கண்டு அஞ்சவில்லை. வாக்கெடுப்பு நடத்தியது. டாக்டர் நான்கு, மருமகன் மூன்று, தோட்டக்காரன் இரண்டு, சமையல்காரி ஒன்று. முகமூடி அணிந்தவரின் அடையாளத்தை உறுதி செய்ய இயலாததால் ராக்கையாவின் ஓட்டு தள்ளுபடியானது. டாக்டர் கொலைகாரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கை தட்டினார்கள்.

"டாக்டர் ஒன்னும் பண்ணலைய்யா," என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "பாவம்யா அந்த மனுசன்."

எல்லோரும் திரும்பினார்கள். சுருளிவேல் எழுந்து நின்றார். "நான் படிச்சுருக்கேன். கொண்டாந்துருக்கேன்."

மஞ்சள் பையிலிருந்து அவர் எடுத்ததைப் பார்த்ததும் சேக் பரீத் கண்ணை மூடிக்கொண்டார். ரோட்டில் விபத்தைப் பார்த்தால் மூடிக்கொள்வோமே, அப்படி.

"மேலட்டை எங்கய்யா?" என்றார் அருளப்பன்.

"அதுவா, சீப்புத் தொடைக்கப் போச்சு."

"பின்னு?"

"துருப்பிடிச்சு விழுந்துருச்சு. சணல் கோத்துத் தைச்சுருக்கேன், கெட்டியா இருக்கும்."

"அந்த ஸ்டிக்கர்?"

"கடைக் கண்ணாடியில ஒட்டுனோம்ணே."

மேடையில் யாரோ, "ஆண்டவரே" என்றார்கள்.

"எத்தன பேரு தொட்டாக இத?"

"பன்னெண்டு வருசமா கெங்குவார்பட்டியில முடி வெட்டிக்கிட்ட அம்புட்டுப் பேரும். மொட்டை போட வந்தவன்கூட உக்காந்து படிச்சு முடிச்சுட்டுத்தான் போனான். அதுக்குள்ள முடி முளைச்சுருச்சுன்னு சொல்லித் திரும்பவும் மொட்டை போட்டேன்."

பேரவை உடனடியாகச் செயல்பட்டது. அருளப்பன் அங்கேயே எழுதி, பதினோரு பேரும் கையொப்பமிட்டு, தீர்மானம் எண் நான்கு நிறைவேறியது: 'மேலட்டை, பின், உறை ஆகிய மூன்றும் இல்லாத அச்சுத்தாள் எதுவும் காமிக்ஸ் ஆகாது. அதை உறுப்பினர் எவரும் தொடுவதோ, பார்ப்பதோ, பிறரைக்கொண்டு படிக்கக் கேட்பதோ கூடாது.'

ஜெபராணி உறுப்பினர் அல்ல. அவள் நாற்காலிகளைத் தாண்டிப் பின்வரிசைக்குப் போனாள்.

"அண்ணே, முடிவைச் சொல்லிறாதீக. நானே படிச்சுக்கிறேன்."

"இந்தா, படி தாயி. மூணாம் பக்கத்த மட்டும் கையால மறைச்சுக்க. எவனோ ஒரு நாதாரி அம்புக்குறி போட்டு 'இவன்தான் கொலைகாரன்'னு பேனாவால எழுதி வச்சுருக்கான்."

அவள் முந்தானையால் மூன்றாம் பக்கத்தை மூடித் தள்ளிவிட்டுப் படிக்கத் தொடங்கினாள். பக்கங்களுக்கு இடையிலிருந்து பொடி முடி உதிர்ந்தது. ஊதிவிட்டுப் படித்தாள். மேடையில், 'இளைய தலைமுறையிடம் வாசிப்புப் பழக்கம் அருகி வருவது குறித்து ஆழ்ந்த கவலை' தெரிவிக்கும் ஐந்தாம் தீர்மானம் முன்மொழியப்பட்டது. யாரும் வழிமொழியவில்லை. பதினோரு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் சிரித்தாள். ஓரிடத்தில் கன்னத்தில் கை வைத்தாள். ராக்கையா நன்றாகத் தெரியட்டும் என்று குல்லாயைக் கழற்றினார்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது அவள் கொஞ்ச நேரம் அதிலேயே இருந்தாள். பிறகு மூடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்பிடி இருக்கும்னு நெனைக்கவே இல்லண்ணே," என்றாள் சுருளிவேலிடம்.

"நானும்தான் தாயி. அந்தாள எம்புட்டு நல்லவன்னு நெனைச்சுருந்தேன்!"

"அந்தக் கையுறை எப்பிடி ஈரமாச்சுங்குறதுதான் சூப்பரு."

"அதச் சொல்லு!"

இருவரும் சிரித்துக்கொண்டார்கள். மாநாட்டில் இருவர் ஒரு காமிக்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டது அந்த ஒரு நிமிடம்தான். நடவடிக்கைக் குறிப்பில் அது இடம்பெறவில்லை.

அருளப்பனால் தாங்க முடியவில்லை. மைக் கையில் இருப்பதை மறந்து, "யாரு ராணி?" என்றார். கேள்வி ஒலிபெருக்கியில் கிளம்பி, காதுகுத்து ஹாலையும் தாண்டி மெயின் ரோடு வரை போனது.

ஜெபராணி மேசையைப் பார்த்தாள். "பதினோரு பொஸ்தகம் மின்னுதுல்ல. ஒன்னப் பிரிச்சுப் பாருங்க."

யாரும் பிரிக்கவில்லை. அதுதான் பேரவை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், மீன் குழம்பு ஊற்றும்போது அருளப்பன் மெதுவாக, "சமையல்காரியா?" என்று கேட்டார். "இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கவா?" என்றாள். குழம்பில் உப்பு சரியாக இருந்தது. ஒன்பது வருடத்தில் அப்படி ஒரு மீன் குழம்பை அவர் சாப்பிட்டதில்லை. அதுதான் அவரை ரொம்பவும் வதைத்தது. சேக் பரீத் ஒரே மாதத்தில் மூன்று முறை கெங்குவார்பட்டிக்குப் போய் முடி வெட்டிக்கொண்டார். பெஞ்சில் பக்கத்திலேயே கிடந்தது அது. கையை நீட்டுவார், தன் கையொப்பம் நினைவுக்கு வரும், மடக்கிக்கொள்வார். மூன்றாம் முறை வெட்டுவதற்கு முடி இல்லை, சும்மா தண்ணீர் தெளித்துச் சீவி அனுப்பினார் சுருளிவேல்.

இந்தத் தியாகத்தை உலகம் அறிய வேண்டும். கெங்குவார்பட்டி முழுக்க முகம் தெரிந்த ஒரு கொலைகாரனை, பதினோரு கனவான்கள் பதினோரு பீரோவில் வைத்துப் பூட்டி, காற்றுப் படாமல், பூச்சி அரிக்காமல், பன்னிரண்டு வருடமாகக் காப்பாற்றி வருகிறார்கள். கட்டிய மனைவி கெஞ்சிக் கேட்டும் காட்டிக் கொடுக்கவில்லை. கொலைகாரனுக்கு அடைக்கலம் தருபவனுக்கு என்ன தண்டனை என்று சட்டப் புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறதாம். அதையும் யாராவது பிரித்துப் பார்த்தால்தானே தெரியும்.