சொந்தக்காரனுக்கு மட்டும் அபிப்பிராயம் இல்லாத துப்பாக்கி

இனிமேல் ஒரு காரியமாவது ஓபலைக் கேட்காமல் செய்வது என்று அந்த நவம்பரில் முடிவெடுத்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து எடுத்துவரும் முடிவுதான். அந்த ஒரு தடவைதான் நடத்திக் காட்டினேன். டவுனுக்குப் போய் ஒரு கைத்துப்பாக்கி வாங்கி வந்தேன்.

சின்னச் சாமான் இல்லை. முழு அளவு. ஒரு குண்டு போனதும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரகம். இடுப்பில் செருகினால் கால்சட்டை கழன்று விழும், அவ்வளவு கனம். விசையை அழுத்துவது மட்டும்தான் நம் வேலை, மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும் என்றான் கடைக்காரன். சொன்னபடி கேட்கிற ஒரு பொருள் முதன்முதலாக என் வீட்டுக்குள் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஓபல் சோள ரொட்டிக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தாள். பெட்டியை மேஜையில் வைத்தேன்.

"என்னய்யா அது?"

"துப்பாக்கி."

"எதுக்கு?"

"திருடன் வந்தா?"

"வரட்டும். நம்ம வீட்டைப் பார்த்துட்டுக் கையில இருக்கறதைக் குடுத்துட்டுப் போவான்."

"வீட்டுக்கு ஒரு காவல் வேணாமா?"

"அதுக்கு இவ்ளோ பெரிசா?"

"முழு அளவுடி. கையில பிடிச்சா உதறாது."

"உன் கைதான்யா உதறுது."

உதறியது உண்மை. திருடன்தான் பொய். அக்டோபரில் என் தம்பி வெஸ்லியைப் புதைத்தோம். இரண்டு பேரும் ஒரே சுரங்கத்தில் நிலக்கரி வெட்டினவர்கள். சுரங்கத்தை இழுத்து மூடின பிறகும் தினம் காலையில் வந்து என் எதிரில் உட்கார்ந்து காபி குடிப்பான், அரசாங்கத்தைத் திட்டுவான், போவான். கரித்தூசி அவன் நுரையீரலை அடைத்துக் கொன்றது. அதற்குப் பிறகு எதிர் நாற்காலி காலி. எனக்குக் காபி இறங்கவில்லை. சவரம் செய்யவில்லை. நாள் முழுக்க நான் பேசுவது ஒரு 'ம்'. உயிரோடு இருப்பதே சலித்துப்போயிருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்ததால் திருடன் என்று சொல்லிவைத்தேன்.

வீட்டில் மான் வேட்டைத் துப்பாக்கிகள் இருந்தன. வெஸ்லியைப் புதைத்த மறுநாள் ஓபலின் அண்ணன் வந்து, வேட்டைக்கு வேண்டும் என்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனான். முயலைக்கூடச் சுடத் தெரியாதவன். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஓபல் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. போய் மூஞ்சியைக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றாள்.

நான் கழுவிவிட்டு வருவதற்குள் பக்கத்து வீட்டு வுட்ரோ அடுப்படியில் நின்றான். சுவரில் மாட்டியிருந்த போனின் ஒயர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"கேள்விப்பட்டேன். காட்டுடா டெல்மர்."

"வாங்கி ஒரு மணி நேரம்கூட ஆகலையேடா. யார் சொன்னது?"

"ஊர்ல பேச்சு."

எங்கள் பள்ளத்தாக்கில் இது ஒரு வழக்கம். எவன் துப்பாக்கி வாங்கினாலும் தெரிந்தவன் ஒவ்வொருத்தனும் அதைக் கையில் வாங்கிப் பார்ப்பான், சுட்டுப் பார்ப்பான், அபிப்பிராயம் சொல்வான். கேட்டால் கொடுத்தாக வேண்டும். கொடுக்காதவனோடு ஒருத்தனும் பேச மாட்டான். முன்னெல்லாம் இது வெறும் வாய்ச்சவடால்தான். வெர்னன் விஷயத்துக்குப் பிறகு கெட்டியாகிவிட்டது. வெர்னன் எங்களோடு சுரங்கத்தில் இருந்தவன். பெண்டாட்டி விட்டுப்போன பிறகு ஒரு துப்பாக்கி வாங்கினான். யாருக்கும் காட்டவில்லை. நாங்களும் போய்க் கேட்கவில்லை. அடுத்து நாங்கள் அவன் வீட்டுக்குப் போனது சவப்பெட்டி தூக்கத்தான்.

வுட்ரோ துப்பாக்கியை எடுத்துத் தூக்கிப் பார்த்தான். ஒரு கண்ணை மூடினான். எங்கள் ஊரில் ஒரு கண்ணை மூடினால் நிபுணன்.

"நல்ல கனம்டா. ரெண்டு நாள் குடு. தகர டப்பாவை வெச்சுச் சுட்டுப் பார்த்துச் சொல்றேன்."

"நானே இன்னும் ஒரு குண்டு சுடலடா."

"அப்போ உனக்கு அதைப் பத்தி என்ன தெரியும்? நான் சொல்றேன், தெரிஞ்சுக்க."

போய்விட்டான். சோள ரொட்டி வேகக்கூட இல்லை, அதற்குள் என் காவல் வாசலைத் தாண்டிவிட்டது.

அந்த வாரக் கடைசி கழிந்த திங்கட்கிழமை ஓபல் ஊறுகாய் ஜாடி வாங்கச் சந்தைக்குப் போனாள். ஒரு நாயோடு திரும்பி வந்தாள். பாதி வளர்ந்த வேட்டை நாய். தொங்கு காது, சோக முகம். வாயைத் திறந்தால் ஊளை.

"என்னடி இது?"

"என் தங்கச்சி நாய். அவ வீட்ல மராமத்து நடக்குது. கொஞ்ச நாள் இருக்கட்டும்."

"எவ்ளோ நாள்?"

"மராமத்து முடியறவரைக்கும். காலையில நீதான்யா வெளிய கூட்டிட்டுப் போகணும்."

"ஏன், நீ போயேன்."

"என் முட்டி."

"போன வாரம் நல்லா இருந்துச்சே உன் முட்டி?"

"போன வாரம் நாய் இல்லையே."

அந்த நாய்க்கு நான் பெயர் வைக்கவில்லை. சனியனே என்று கூப்பிட்டேன், வந்தது. விடிந்ததும் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஊளையிடும். நான் எழுந்து பூட்ஸைத் தேடுவேன். ஒன்று கிடைக்கும். இன்னொன்று அதன் வாயில் இருக்கும்.

இந்தப் பக்கம் அபிப்பிராயங்கள் வர ஆரம்பித்தன. ஓபலுக்குப் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை. அவள் கார் தெருமுனை திரும்பும், யாராவது ஒருவன் கதவைத் தட்டுவான். வந்தவன் உட்காருவான், வெஸ்லியின் நாற்காலியிலேயே உட்காருவான். அவள் வைத்துவிட்டுப் போன ஆப்பிள் கேக்கைத் தின்பான். அவள் திரும்பி வரும்வரை எழுந்திருக்க மாட்டான். எல்லாம் என் துப்பாக்கியைப் பற்றிப் பேசத்தான்.

வுட்ரோ விசை கடினம் என்றான். துப்பாக்கி பாஸ்டரிடம் போயிருக்கிறது என்றான். எங்கள் சபையின் பாஸ்டர் ஹோபர்ட் வந்தார்.

"விசை ரொம்ப லேசு, டெல்மர். ஆனா குறி தப்பல. ஆறு குண்டும் நேராப் போச்சு."

"அது பதினேழு பிடிக்குமே, பாஸ்டர்?"

பாஸ்டர் கேக்கை மென்றார். நெடுநேரம் மென்றார்.

"ஊழியக்காரன் ஆறோட நிறுத்திக்கணும்பா."

அவரிடமிருந்து அது எஸ்டிலுக்குப் போனதாம். எஸ்டில் மெக்கானிக். லாரியாக இருந்தாலும் மாமியாராக இருந்தாலும் ஆயில் மாற்றினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவன்.

"நல்ல சாமான்தான் டெல்மர். அந்த வெள்ளி நிறம்தான் அழுக்குப் பிடிக்கும்."

"என்னுது கறுப்புடா."

"வெயில்ல வெச்சுப் பார்த்தேன், அதான்."

"ஜனவரியில எங்கடா வெயிலு?"

"கொஞ்சம்தான் இருந்துச்சு" என்றான் எஸ்டில்.

இப்படியே ஒரு குளிர்காலம் போனது. பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் என் துப்பாக்கியைப் பற்றி அபிப்பிராயம் இருந்தது. தபால்காரனுக்குக்கூட இருந்தது. எனக்கு மட்டும் இல்லை. திருப்பிக் கேட்க நினைப்பேன். அதற்குள் சனியன் சங்கிலியைக் கவ்விக்கொண்டு வந்து நிற்கும்.

அந்தக் காலை நடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆறு உறைந்து கிடக்கும். மூடின சுரங்கத்தின் வாய்க்குப் பலகை அடித்திருக்கும். அதைத் தாண்டினால் கல்லறைத் தோட்டம். நான் அந்தப் பக்கம் போகவே மாட்டேன் என்றிருந்தவன். சனியனுக்கு அங்கே ஏதோ வாசனை. முதல் நாளே என்னைத் தரதரவென்று உள்ளே இழுத்துப் போய், வெஸ்லியின் கல்லுக்கு முன்னால் நின்று, காலைத் தூக்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெஸ்லி இருந்திருந்தால் அவனும் சிரித்திருப்பான். அப்புறம் பனியிலேயே உட்கார்ந்து அழுதேன். புதைத்த அன்றைக்குக்கூட நான் அழவில்லை. சனியன் என் காதை நக்கிக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு தினமும் அங்கே போனோம், அது காலைத் தூக்கும், நான் தம்பியோடு நாலு வார்த்தை அரசாங்கத்தைத் திட்டிவிட்டு வருவேன்.

மார்ச் கடைசியில் ஒரு காலை நடை முடிந்து வந்து காபி குடித்தேன். காபி இறங்கியது. இன்னொன்று கேட்டேன். ஓபல் திரும்பி நின்று பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள். நான் போய்ச் சவரம் செய்துகொண்டேன்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. மாதாமாதம் முதல் திங்கட்கிழமை டவுன் சந்தையில் பண்டமாற்று நடக்கும். துப்பாக்கி கொடுத்து நாய் வாங்கலாம், நாய் கொடுத்துக் கத்தி வாங்கலாம். எனக்கு இனி அந்தத் துப்பாக்கி வேண்டாம். அதைக் கொடுத்துச் சனியனுக்கு ஜோடியாக ஒரு பெட்டை வாங்கிவிடலாம். அப்படியே என் தூண்டில் கம்பை எடுத்துக்கொண்டு இரண்டு நாய்களோடு ஆற்றுக்குப் போகலாம். இதையும் ஓபலைக் கேட்காமல் செய்வது என்று முடிவெடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மூன்று பேரையும் என் அடுப்படியில் உட்கார வைத்தேன்.

"துப்பாக்கி யார்கிட்டடா இருக்கு?"

"பாஸ்டர்கிட்ட" என்றான் வுட்ரோ.

"எஸ்டில்கிட்ட குடுத்தேனே" என்றார் பாஸ்டர்.

"வுட்ரோதானே திருப்பி வாங்கிட்டுப் போனான்" என்றான் எஸ்டில்.

"கடைசியா யாருடா சுட்டது?"

பாஸ்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஓபல், இதுக்கு மேல பொய் சொல்ல என்னால ஆகாதும்மா. ஈஸ்டர் வருது."

நாற்காலி மேல் ஏறி நின்று மேல் அலமாரியில் ஜாடி அடுக்கிக்கொண்டிருந்த ஓபல் ஒரே தாவலில் கீழே குதித்தாள்.

"உன் முட்டி?" என்றேன்.

"சரியாயிடுச்சு. அந்தத் துப்பாக்கி வாங்கின ஒரு வாரத்துக்குள்ளயே போயிடுச்சுய்யா. சந்தையில மாத்திட்டேன்."

"என்னைக் கேக்காமலா?"

"வாங்கறப்ப நீ என்னைக் கேட்டியா?"

"அப்போ இவனுங்க சொன்னதெல்லாம்?"

வுட்ரோ தரையைப் பார்த்தான். "நான் ஒருத்தன்தான்டா கையில தொட்டேன். அதையும் வாசல்லயே ஓபல் வாங்கிக்கிட்டா. மத்தவங்க கண்ணால பார்த்ததுகூட இல்ல."

"வெர்னன் வீட்டுக்கு யாருமே போகலய்யா" என்றாள் ஓபல். அவள் குரல் இறங்கிவிட்டது. "போயிருந்தா என்ன பேசியிருப்போம்னு இவங்க ஒவ்வொருத்தனும் என்கிட்ட வந்து அழுதான். உன்கிட்ட வந்து எதையாச்சும் பேசுங்கடான்னு சொன்னேன். இவங்களுக்குப் பேசத் தெரிஞ்சது துப்பாக்கிதான்."

மூன்று தடியன்களுக்கு முன்னால் அழக் கூடாது என்று விஷயத்தை வியாபாரத்துக்குத் திருப்பினேன்.

"சரி. எதுக்குத்தான் மாத்தின?"

ஓபல் மேஜைக்கு அடியில் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். சனியன் என் பூட்ஸ் மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"தினம் சங்கிலி போட்டு நீதானேய்யா கூட்டிட்டுப் போற" என்றாள்.

"உன் தங்கச்சி நாய்னியே?"

"அவளுக்கு நாயைக் கண்டாலே ஆகாது."

மிச்சமிருந்த மானத்தைத் திரட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். "முழு அளவுத் துப்பாக்கிடி. புத்தம் புதுசு. அதுக்கு ஒரே ஒரு நாயா? நல்லா ஏமாந்துட்டு வந்திருக்க."

"ரெண்டுதான்யா கேட்டேன். நாய்க்காரன் அங்கயே சுட்டுப் பார்த்துட்டு, இது ஒரு நாய்கூடப் பெறாதுன்னுட்டான். உன் தூண்டில் கம்பையும் சேர்த்துக் குடுத்த பிறகுதான் இதையே அவுத்துவிட்டான்."