மாப்பிள்ளைக் காருக்கு நான் பூட்டிய லைற்

கரண்ட் இல்லாத காலத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு வியாதி உண்டு. தாங்கள் பிறவி மின்பொறியியலாளர்கள் என்று நினைப்பு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோவைப் பாடவைத்தவர்கள் அல்லவா! அதற்குமேல் படிக்க உலகத்தில் என்ன இருக்கிறது? ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்பார்கள். அளவெட்டியில் அந்த இலுப்பைப்பூ அடியேன்தான்.

தங்கை வாணியின் கல்யாணத்துக்கு நான் தோழன். பெண்ணின் சகோதரன் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், அவரை அழைத்துவந்து மணவறையில் சேர்ப்பது எங்கள் வழக்கம். ஒரு மனிதரை வட்டுக்கோட்டையில் ஏற்றி அளவெட்டியில் இறக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை. சித்தப்பாவின் காருக்கு முன்னால் நீலமும் சிவப்புமாக எல்.ஈ.டி. லைற் பூட்டினேன். (முகூர்த்தம் காலை பத்தரைக்குள். பட்டப்பகலில் லைற் யார் கண்ணுக்குத் தெரியும் என்று என் மூளை ஒருமுறையாவது கேட்டிருக்கலாம்.)

சித்தப்பா பொனற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

"பற்றறியிலை இருந்து நேரை இழுத்திருக்கிறாய். பியூஸ் எங்கையடா?"

"உந்தச் சின்ன லைற்றுக்கு ஏன் சித்தப்பா பியூஸ்? அரிசி மில்லே ஓட்டப் போறம்?"

"தகரத்திலை ஓட்டை போட்டு வயரை விட்டிருக்கிறாய். ரப்பர் வளையம் போடாட்டி உராஞ்சு தோல் போகுமல்லே?"

"நான் டைனமோவிலை றேடியோ கேட்டவன், சித்தப்பா."

சித்தப்பா "உன்ரை விண்ணாணம்!" என்று தலையில் அடித்துக்கொண்டு பந்தல் வேலை பார்க்கப் போய்விட்டார். நான் புது வயரைக் காரின் சொந்த வயர்களோடு சேர்த்து, கூந்தல் பின்னுவதுபோல வடிவாக இன்சுலேஷன் ரேப் சுற்றி முடித்தேன்.

கல்யாணத்தன்று சித்தப்பா காரை ஓட்டினார். பக்கத்தில் நான். பின்னால் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை. அவருடைய சொந்தக்காரர் வான் வண்டியில் முன்னால் பறந்துவிட்டார்கள். பலகாரம் ஆறிவிடுமாம்.

சங்கானைச் சந்தையடியில் சனம் எங்களைப் பார்த்துக் கைகாட்டிக் கத்தியது. என் லைற்றை மெச்சுகிறார்கள் என்று நானும் தலையை நீட்டிக் கையசைத்தேன். ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கியே கத்தினார். அவருக்கு விசேடமாக ஒரு கும்பிடு போட்டேன்.

"மச்சான், ஏதோ எரியிற மணம் வருது," என்றார் மாப்பிள்ளை.

"உங்கடை வேட்டி புதுசெல்லே, அந்த மணம்."

அடுத்த பள்ளத்தில் கார் விழுந்து எழும்ப, டாஷ்போர்டுக்குள்ளிருந்து குபுகுபுவென்று புகை. சுவிச்சை அமத்தினேன். லைற் அணைந்தது, புகை அணையவில்லை. எப்படி அணையும்? வயர் தோலுரிந்து தகரத்தில் முட்டியது பற்றறிக்கும் சுவிச்சுக்கும் நடுவில். அதற்குத்தான் பற்றறிக்குப் பக்கத்திலேயே பியூஸ் என்ற ஒன்றைப் போடச் சொல்கிறார்கள்.

காரை நிறுத்திப் பொனற்றைத் திறந்தால் வயர் செக்கச்செவேலென்று கிடந்தது. அறிவாளி என்ன செய்வான்? வெறுங்கையால் பிடித்து இழுத்தேன். என் அலறலில் சந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"உமக்கென்ன விசரே? கையை எடும்!" மாப்பிள்ளை குதித்து இறங்கினார். சித்தப்பா நீட்டிய ஸ்பனரை வாங்கி, பற்றறி முனையைக் கழற்றி எறிந்தார். புகை நின்றது. காரும் நின்றதுதான். நான் வடிவாகப் பின்னிய பின்னலில் அத்தனை வயரும் ஒரே களியாக உருகியிருந்தது.

வானில் போனவர்களுக்குப் போன் எடுத்தால் ஒருவரும் தூக்கவில்லை. அதற்குள் வாணியே எனக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்? பத்தரைக்கு இராகுகாலம் துடங்குதாம். ஐயர் மணிக்கூட்டையே பாக்கிறார். அவருக்கு என்னிலை விருப்பமில்லையோ? உண்மையைச் சொல்லுங்கோ!" குரல் உடைந்துவிட்டது.

"வாறம், வாறம் பிள்ளை," என்றேன். எனக்கே அழுகை வந்தது. ஊரில் எத்தனையோ கல்யாணம் சீதனத்தால் குழம்பியிருக்கிறது. லைற்றால் குழம்பினால் அது என் தங்கையுடையதாக இருக்கும்.

சந்தையிலிருந்து, பின்பெட்டியில் வெங்காய மூட்டைகளோடு ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் புறப்பட்டது. ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"ஏறச் சொல்லும்," என்றார் ஓட்டுநர். "ஆனா மாப்பிள்ளை வெங்காயம் நசியாமல் இருக்க வேணும்."

சித்தப்பா காருக்குக் காவல் நிற்க, மாப்பிள்ளை ஒரு கையால் தலைப்பாகையையும் மறுகையால் மூட்டையையும் பிடித்துக்கொண்டு வந்தார். வழி முழுக்க நான் மன்னிப்புக் கேட்டேன். இயந்திரச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பந்தல் வாசலில் நாதஸ்வரக்காரர் எங்களுக்கு வழிவிட்டு, மாப்பிள்ளைக் கார் வருகிறதா என்று வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "உவர்தான் மாப்பிள்ளை, வாசியுங்கோ!" என்று நான் கத்த வேண்டியிருந்தது. தோழன் மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும். வெந்த கையிலிருந்து செம்பு நழுவி அந்தக் காலிலேயே விழுந்தது. பதிலுக்கு அவர் எனக்கு மோதிரம் போட வேண்டும். வீங்கிய விரலில் அது ஏறவில்லை. "பிறகு போடும், மச்சான்," என்று என் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, கரிக்கையோடு மணவறைக்கு ஓடினார்.

இராகுகாலத்துக்கு மயிரிழை முன்னால் தாலி ஏறியது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். தங்கைப் பாசம் என்றது சனம். (பாதிதான் பாசம். மீதி கை எரிவு.)

வாணிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். புருஷனோடு சண்டை வரும்போதெல்லாம், வீட்டில் யார் இருந்தாலும் அவள் சொல்வது ஒன்றுதான்:

"அண்ணை பாவம். இந்தக் கலியாணத்தை நிப்பாட்டக் காரையே கொளுத்திப் பாத்தவர். எனக்குத்தான் அண்டைக்கு விளங்கேல்லை."